கும்பகோணம் வழிப் பாதைக்கு ஏன் மெயின் லைன் என்று பெயர்?

நீங்கள் கேட்டது இதுதான்: எழும்பூரிலிருந்து திருச்சிக்குச் சோழன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். உடன் வேலை பார்ப்பவர்கள், "அது மெயின் லைன் வண்டி, சுத்திட்டுப் போகும், கார்டு லைன் வண்டியில போ" என்று சொல்லியிருக்கிறார்கள். மெயின் என்றால் முக்கியம்தானே, முக்கியமான பாதை எப்படிச் சிங்கிள் லைனாகக் கிடக்கிறது, தென்மாவட்ட வண்டிகள் எல்லாம் விருத்தாசலம் வழியாகப் போகும்போது இதை இன்னும் மெயின் லைன் என்று சொல்வது தவறில்லையா என்பது உங்கள் சந்தேகம். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று பெயர், இன்னொன்று வேகம். பெயருக்கான காரணம் 1870களில் கிடக்கிறது. வேகத்துக்கான காரணம் 1990களுக்குப் பிறகு இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், மெயின் லைன் என்னவோ பிறவியிலேயே மெதுவான பாதை என்று பலரும் நினைக்கிறார்கள்.

நான் ஸ்டேஷன் மாஸ்டராக 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி விழுப்புரத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவே உள்ள சின்ன ஸ்டேஷன்களில், சில ஆண்டுகள் கார்டு லைனில். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி மட்டுமே இருந்த மீட்டர்கேஜையும் பார்த்தேன், இன்றைய அகலப் பாதையையும் பார்த்தேன். வண்டி ஓட்டத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். பாலத்தின் தாங்குதிறன், மண்ணின் தன்மை போன்ற விஷயங்கள் பொறியாளர்களின் துறை, அங்கே நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

முதலில் கார்டு என்ற சொல். பலர் இதை அட்டை என்ற பொருளில் வரும் கார்டு என்றே நினைக்கிறார்கள். இது வேறு, பள்ளிக்கூட வடிவியலில் வட்டத்தின் இரண்டு புள்ளிகளை நேராக இணைக்கும் கோடு, தமிழில் நாண். விழுப்புரத்திலிருந்து பாதை கிழக்கே வளைந்து பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை என்று கடலோரமாக இறங்குகிறது. பிறகு மேற்கே திரும்பிக் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு வருகிறது. வரைபடத்தில் பார்த்தால் வளைத்த வில் மாதிரி இருக்கும். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேராக இழுத்தது அந்த வில்லின் நாண். எழும்பூரிலிருந்து திருச்சிக்கு நாண் வழியாக 337 கிலோமீட்டர், வில் வழியாக ஏறத்தாழ 400. வித்தியாசம் அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பெயரைக் கேட்டாலே எது முதலில் வந்தது என்பது தெரிந்துவிடும். வில் இல்லாமல் நாண் ஏது?

இப்போது அந்த வில் எப்படி வந்தது என்று பார்ப்போம். சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு பாதை போட்டார்கள் என்று நினைத்தால் தொடக்கத்திலேயே தப்பாகிவிடும். இந்தப் பாதையின் முதல் துண்டு சென்னையைத் தொடவே இல்லை. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற இங்கிலாந்துக் கம்பெனி 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை, 1862இல் அங்கிருந்து திருச்சி வரை தண்டவாளம் போட்டது. தொடங்கிய இடம் நாகை, காரணம் துறைமுகம். காவிரி டெல்டாவின் நெல்லையும் மேற்கே விளைந்த பருத்தியையும் கப்பலுக்குக் கொண்டு வரவும், கப்பலில் வந்த சரக்கை உள்ளே கொண்டு போகவும்தான் அந்தப் பாதை. கம்பெனியின் தலைமையிடமும் பணிமனையும் நாகையில்தான் இருந்தன. இன்று நாகப்பட்டினம் - தஞ்சாவூர் பாதை கிளைப் பாதையாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் இந்தக் கதையில் எல்லாவற்றுக்கும் மூத்தது அதுதான். பிற்காலத்தில் மலாயாவுக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் பாதையில்தான் நாகைக்கு வந்து கப்பல் ஏறின. ரஜூலா கப்பலைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் யாராவது பேசிக் கேட்டிருப்பீர்கள்.

இன்னொரு விஷயம், ரயில் ஆர்வலர்களே சில சமயம் மறந்துவிடுவது. அந்த முதல் பாதை அகலப் பாதைதான், 1,676 மில்லிமீட்டர். 1870இல் வைஸ்ராய் மேயோ காலத்தில் செலவைக் குறைக்க மீட்டர்கேஜ் என்று அரசு முடிவெடுத்தது. 1874இல் இந்தக் கம்பெனியும் அரக்கோணம் - காஞ்சிபுரம் பக்கம் இருந்த கர்னாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இண்டியன் ரயில்வே ஆயின. 1875இல் நாகை - திருச்சி பாதையின் தண்டவாளத்தைக் குறுக்கி மீட்டர்கேஜாக மாற்றினார்கள். ஆக, தஞ்சாவூர் - திருச்சி என்ற ஐம்பது கிலோமீட்டர் துண்டு அகலமாகப் பிறந்து, மீட்டராகக் குறுகி, 1990களின் இறுதியில் மறுபடி அகலமானது. நூற்றிருபது ஆண்டுக்கு மேல் கழித்துப் பழைய அளவுக்கே திரும்பி வந்த பாதை.

சவுத் இண்டியன் ரயில்வே அப்புறம் வேகமாக வேலை பார்த்தது. தெற்கே திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875இல் போய், தூத்துக்குடியை 1876இல் தொட்டது. வடக்கே சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், கடலூர், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), தஞ்சாவூர் என்ற துண்டுகள் 1876, 1877 முதலாக ஒவ்வொன்றாகத் திறந்தன. தாது வருஷப் பஞ்சம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. அந்தப் பத்தாண்டு முடியும்போது சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ஒரே மீட்டர்கேஜ் பாதை தயார். அதைத்தான் மெயின் லைன் என்றார்கள். அப்போது நேராகப் போக வேறு பாதையே கிடையாது. தெற்கே நேராகப் போகும் எவரும் சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்றுதான் போக வேண்டும். 1897இல் விவேகானந்தர் கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது மதுரை, திருச்சி, தஞ்சாவூர் தாண்டிக் கும்பகோணத்தில் இறங்கித் தங்கினார். மாயவரம் ஸ்டேஷனில் வரவேற்பு கொடுத்தார்கள். சென்னைக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்காது என்று தெரிந்து மக்கள் தண்டவாளத்தில் படுத்துவிட்டதால் வண்டிக்குப் பொறுப்பான ரயில்வே ஊழியர் (guard) அதை நிறுத்தினார் என்று அந்தப் பயணக் குறிப்புகள் சொல்கின்றன. அன்றைய தேதியில் தெற்கையும் சென்னையையும் நேராகச் சேர்த்த கயிறு இந்த ஒன்றுதான்.

மெயின் லைன் என்ற சொல்லுக்கு ரயில்வேயில் உள்ள பொருளும் இங்கேதான் விளங்கும். அது தரத்தைக் குறிப்பதல்ல. எதிலிருந்து கிளைகள் பிரிகின்றனவோ அது மெயின், அவ்வளவுதான். விழுப்புரத்திலிருந்து 1879இல் புதுச்சேரிக்கு ஒரு கிளை போனது. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894இல் ஒரு பாதை திறந்தது. அது தஞ்சாவூர் ஜில்லா போர்டின் சொந்தப் பாதை, நிலவரியோடு சேர்த்து வசூலித்த சிறு மேல்வரியில் கட்டியது. ஒரு ஜில்லாவின் மக்கள் தங்கள் வரிப்பணத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் எப்போதும் நினைப்பேன். மாயவரத்திலிருந்தே தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட கிளை 1986இல் மூடப்பட்டது. மரத்துக்கு அடிமரம் எதுவோ அதுதான் மெயின் லைன். பக்கத்தில் உயரமான மரம் ஒன்று வளர்ந்துவிட்டது என்பதற்காக அடிமரம் கிளையாகிவிடாது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: பெயர் தவறில்லை.

இடையில் ஒன்று. கோயில் ஊர்களை இணைக்க வேண்டும், யாத்ரீகர்கள் வர வேண்டும் என்பதற்காகவே வெள்ளைக்காரன் பாதையை இப்படி வளைத்தான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பட்டியலைப் பார்த்தால் நம்பத் தோன்றும்: சிதம்பரம், வைத்தீஸ்வரன்கோயில், திருவிடைமருதூர், கும்பகோணம், சுவாமிமலை. ஆனால் டெல்டாவில் எந்தப் பக்கம் கோடு இழுத்தாலும் இருபது கோயில்களைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நிச்சயமாகச் சொல்லக்கூடியது, முதலில் துறைமுகமும் நெல்லும் இருந்தன, கூட்டம் நிறைந்த பழைய ஊர்கள் இருந்தன, பாதை அவற்றைத் தேடிப் போனது. யாத்ரீகர் வருமானம் கம்பெனிக்குப் பெரிய லாபம் தந்தது உண்மை. அதுவே காரணம் என்பதை ஊகம் என்ற அளவில் மட்டும் வையுங்கள்.

கார்டு லைன் வந்தது 1920களின் கடைசியில். சவுத் இண்டியன் ரயில்வேயின் முழு எடையும் நாகையை விட்டுத் திருச்சிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. தலைமையிடம் முன்பே திருச்சிக்குப் போயிருந்தது. பணிமனையையும் நாகையிலிருந்து திருச்சியை ஒட்டிய பொன்மலைக்கு மாற்றினார்கள். ஆள்குறைப்பும் கூடவே வந்தது, 1928இல் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் கைதாகித் தண்டனை பெற்றார். பொன்மலையும் கார்டு லைனும் ஒரே காலத்துப் பிள்ளைகள். திருச்சி நடுவில், அங்கிருந்து சென்னைக்கு நேர்வழி என்ற கணக்கு. நாகை அந்தக் கணக்கில் விளிம்புக்குப் போய்விட்டது.

அதன்பின் நீண்டதூர வண்டிகள் ஒவ்வொன்றாக நாணுக்கு மாறின. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் பக்கத்தில் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பிடிப்பிழந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது, 140 பேருக்கு மேல் இறந்தார்கள். லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டது அந்த விபத்துக்காகத்தான். தூத்துக்குடி வண்டி அப்போதே கார்டு லைனில் ஓடியது என்பதையும் கவனியுங்கள். 1977 ஆகஸ்ட் 15இல் வைகை எக்ஸ்பிரஸ் வந்தபோதும், மதுரைக்குப் பகலிலேயே போய்ச் சேர வேண்டும் என்பதால் விருத்தாசலம் வழிதான். ஆனால் மெயின் லைனும் காலியாகிவிடவில்லை. கொழும்புக்குப் போகிறவர்களைத் தனுஷ்கோடிக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்த போட் மெயில் இந்த வழியாகத்தான் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடித் தடம் அழிந்து வண்டி ராமேஸ்வரத்தோடு நின்றபிறகும் மீட்டர்கேஜ் காலம் முழுக்க அது மாயவரம், கும்பகோணம் வண்டிதான். இரவில் அது தாண்டிப் போகும்போதுதான் எங்கள் ஸ்டேஷனில் எல்லோரும் விழித்திருப்போம்.

இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. சிங்கிள் லைனில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள துண்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம், எந்தத் திசையானாலும் சரி. அந்த உரிமையைக் கையில் பிடித்துப் பார்க்கும்படி செய்ததுதான் டோக்கன். சாத்துக்குடி அளவில் ஒரு இரும்புக் குண்டு. இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒரே மாதிரி சிவப்புப் பெட்டி, இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர், அதாவது பாதை காலி, வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி, கொடுத்தால்தான் என் பெட்டியிலிருந்து குண்டு வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது எதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வராது. குண்டைத் தோல்பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் மாட்டி, நிற்காத வண்டிக்கு நீட்டிப் பிடிக்க வேண்டும். இஞ்சினில் இருக்கும் ஆள் கையை வளையத்துக்குள் விட்டு வாரிக்கொண்டு போவார், பழைய வளையத்தை நம் பக்கம் வீசுவார்.

ஒரு ஐப்பசி மழைக்காலம், விடிவதற்கு முன். ஊர் பெயர் வேண்டாம். எக்ஸ்பிரஸ் நிற்காமல் தாண்டியது, வளையத்தை வீசினார்கள், அது பிளாட்பாரத்தின் ஓரத்தில் பட்டுத் துள்ளி வயலில் விழுந்தது. எதிர்த்திசைப் பாசஞ்சர், ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கத் தடமான லூப்பில் காத்துக்கொண்டிருந்தது. வளையம் உடனே கிடைத்துவிட்டது, ஆனால் பையின் வார் அவிழ்ந்து குண்டு இல்லை. குண்டு பெட்டிக்குள் போகாமல் நான் லைன் கிளியர் வாங்க முடியாது. எக்ஸ்பிரஸ் முழுசாகப் போய்விட்டது, பாதை காலி என்று கண்ணால் பார்த்தது எனக்குத் தெரியும். ஆனால் பெட்டிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நானும் தடம் மாற்றும் ஊழியரான பாயிண்ட்ஸ்மேனும் முழங்கால் அளவு சேற்றில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஐம்பது நிமிஷம் தேடினோம். பாசஞ்சரிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து நாற்று மிதிபடாமல் இருக்க வரப்போரமாகவே நின்று தேடினார்கள். கடைசியில் பாயிண்ட்ஸ்மேனின் காலில்தான் தட்டுப்பட்டது. அந்த ஐம்பது நிமிஷம் அன்று மத்தியானம் வரை அந்தப் பாதையில் வேறு நாலு வண்டிகளின் தாமதமாக நீண்டது. இப்போது டோக்கன் இல்லை, கைகாட்டியும் இல்லை. பேனலில் பொத்தானை அமுக்கினால் வண்ண விளக்கு சிக்னல் விழுகிறது, வண்டி துண்டைக் கடந்துவிட்டதா என்பதைக் கருவியே சக்கரங்களை எண்ணிச் சொல்கிறது. ஆனால் விதி அதேதான், ஒரு துண்டில் ஒரு வண்டி.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே பத்து கிலோமீட்டர் என்று வையுங்கள். வண்டி சராசரி ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் பன்னிரண்டு நிமிஷம். லைன் கிளியர், சிக்னல், லூப்பிலிருந்து மெதுவாக வெளியே வருவது என்று இன்னும் ஐந்து. ஆக ஒரு மணி நேரத்தில் மூன்று வண்டி, கெட்டித்தனமாகச் செய்தால் நாலு, அதுவும் இரண்டு திசைக்கும் சேர்த்து. இரட்டைப் பாதையில் எதிர் வண்டி என்ற பிரச்சினையே கிடையாது, பின்னால் வரும் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கலாம். திருச்சிக் கண்ட்ரோல் ஆபீஸில் சார்ட் என்று ஒன்று போடுவார்கள். குறுக்கே நேரம், மேலிருந்து கீழே ஸ்டேஷன்கள், ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. தெற்கே போகிற கோடும் வடக்கே வருகிற கோடும் எங்கே வெட்டினாலும் அந்த இடம் ஒரு ஸ்டேஷனாக இருந்தாக வேண்டும், நடுக்காட்டில் வெட்டிவிட்டால் கதை முடிந்தது. அதனால் சிங்கிள் லைனில் ஒரு வண்டி இருபது நிமிஷம் தாமதமானால் அது சந்திக்க வேண்டிய எல்லா வண்டிகளின் கிராசிங்கும், அதாவது எதிர் வண்டியைத் தாண்டும் இடமும், நகரும். ஒரு வண்டியைக் காக்க வைத்தால்தான் இன்னொன்றை விட முடியும். வெயிலில் லூப்பில் நிற்கும் வண்டியிலிருந்து, "எதுக்கு சார் நிறுத்தி வச்சிருக்கீங்க" என்று என்னிடம் எத்தனையோ பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அங்கே குற்றவாளி இரண்டாவது தண்டவாளம் இல்லாமை.

அது ஏன் இல்லை என்பதுதான் 1990களுக்குப் பிறகான கதை. 1992இல் எல்லாவற்றையும் அகலப் பாதையாக்கும் யூனிகேஜ் திட்டம் வந்தது. பணம் எப்போதும் அளவானது, ஆகவே தென்மாவட்டங்களுக்குச் சீக்கிரம் போகும் கார்டு லைனை முதலில் எடுத்தார்கள், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது அகலமாகிவிட்டது. மெயின் லைனில் தஞ்சாவூர்ப் பக்கத்து வேலை முதலில் முடிந்தது. விழுப்புரம் - மயிலாடுதுறை 122 கிலோமீட்டரை 2006 கடைசியில் மூடினார்கள், 2010இல்தான் மறுபடி வண்டி ஓடியது. அந்த மூன்று ஆண்டுக்கு மேலான காலத்தில் சிதம்பரம், சீர்காழிக்காரர்களுக்கு ரயிலே இல்லை, எல்லாம் பஸ். கும்பகோணத்துக்காரர்கள் ரயிலில் சென்னை போக வேண்டுமானால் முதலில் எதிர்த்திசையில் திருச்சிக்குப் போய்ச் சுற்ற வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டில் தெற்கு வண்டிகள் பெரும்பாலும் கார்டு லைனுக்கு என்று கால அட்டவணையே கெட்டிப்பட்டுவிட்டது. மின்சாரம் கார்டுக்கு 2010ஐ ஒட்டியே வந்துவிட்டது. மெயின் லைனில் விழுப்புரம் - கடலூர் - மயிலாடுதுறை - தஞ்சாவூரும் மயிலாடுதுறை - திருவாரூரும் சேர்ந்த 228 கிலோமீட்டர் மின்மயம் 2021 பிப்ரவரியில்தான் அர்ப்பணிக்கப்பட்டது. இரட்டைப் பாதை கார்டு லைனில் முடிந்துவிட்டது. மெயின் லைனில் தஞ்சாவூர் - திருச்சிக்கு மட்டும் கிடைத்தது, விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் வரை 192 கிலோமீட்டர் இன்னும் ஒற்றைத் தடம்தான். மூன்று முறையும் கார்டு லைன் முதல் பந்தியில் சாப்பிட்டது, மெயின் லைனுக்கு இரண்டாம் பந்தி, மூன்றாவது விருந்தில் இலை பாதியில் நின்றுவிட்டது.

முதல் இரண்டிலும் அந்த வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன். மதுரை, நெல்லை, நாகர்கோவில் போகிறவர்களுக்கு அறுபது கிலோமீட்டர் மிச்சம் என்பது பெரிய விஷயம், நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் இரட்டைப் பாதை வேறு கணக்கு. கார்டு லைனில் போகிறவர்களில் பெரும்பாலோர் நடுவில் உள்ள ஊர்களைத் தாண்டிப் போகிறவர்கள். மெயின் லைனில் ஏறுகிறவர்கள் அந்த ஊர்களிலேயே வாழ்கிறவர்கள். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு பெரிய ஊர். சோழன், உழவன், செந்தூர், மன்னை எல்லாம் நிரம்பித்தான் போகின்றன. அறுவடை முடிந்தால் டெல்டாவிலிருந்து ஒரு வண்டிக்கு 2,000 டன் என்ற அளவில் நெல்லும் அரிசியும் வெளி மாவட்டங்களுக்குப் போகின்றன. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரி நாகூர், திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு வந்து மேற்கே போகிறது, தஞ்சாவூர் - திருச்சிக்கு மட்டும் இரண்டாவது பாதை கிடைத்ததற்கு அந்தச் சரக்கு ஒரு பலமான காரணம் என்பது என் கணிப்பு. மிச்சப் பாதையில் இன்னொரு பகல் வண்டி வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டால் சார்ட்டில் இடம் தேட வேண்டியிருக்கிறது. கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, நான் முழு மனதோடு அவர்கள் பக்கம்.

டெல்டா மண் இளக்கம், ஆறுகள் அதிகம், அதனால் அங்கே எந்தக் காலத்திலும் வேகம் வராது என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஆறுகள் அதிகம் என்பது கண்கூடு. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு என்று எண்ணிக்கொண்டே போகலாம், கால்வாய்ப் பாலங்களைச் சேர்த்தால் கணக்கில் அடங்காது. மண்ணைப் பற்றிப் பொறியாளர் சொல்லட்டும். ஓட்டம் பார்த்தவனாக நான் சொல்வது, நேரத்தைத் தின்பவை நிறுத்தங்களும் கிராசிங்கும்தான். பாதை காலியாகக் கிடைத்த நாளில் அதே வண்டி அதே மண்மேல் நேரத்துக்கு முன்னாலேயே வந்து சிக்னலுக்குக் காத்து நின்றதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் டிக்கெட். திருச்சியில் குறித்த நேரத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றால் நண்பர்கள் சொன்னதைக் கேளுங்கள், வைகையோ பல்லவனோ பிடியுங்கள், நாலரை மணி நேரம் போதும். கூட்டத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகிறவருக்குச் சோழனை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவசரம் இல்லை என்றால் டிக்கெட்டை மாற்றாதீர்கள். விழுப்புரம் தாண்டியதும் வண்டி இடது பக்கம் வளைவது தெரியும், பக்கத்தில் கார்டு லைன் விலகிப் போவதைப் பார்க்கலாம். பண்ருட்டியில் பருவமாக இருந்தால் பலாப்பழ வாசனை பெட்டிக்குள்ளேயே வரும். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலம், மயிலாடுதுறைக்குச் சற்று முன்னால் காவிரி. நடுவில் எங்காவது ஒரு சின்ன ஸ்டேஷனில் காரணம் தெரியாமல் வண்டி நின்றால் ஜன்னல் வழியாக முன்பக்கம் பாருங்கள். எதிர் வண்டி வந்து தாண்டிய பிறகு எத்தனை நிமிஷத்தில் உங்கள் சிக்னல் மஞ்சளோ பச்சையோ ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள், நான் மேலே போட்ட கணக்கு சரிதானா என்று அங்கேயே தெரிந்துவிடும்.